அம்புக்குறி போகாத மூலை

கையை மவுஸிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று நாள் முழுக்க யார் யாரிடமோ சொல்கிறேன், ஒருவரிடம் சொல்லும்போது மட்டும் குரல் தணிந்துவிடுகிறது. சொல்லாமல் வேலை நடக்காது. உதவி மையத்துக்குக் கூப்பிடுகிறவர்களுடைய கணினித் திரை என் திரைக்குள் வந்து உட்கார்ந்த பிறகு அம்புக்குறி ஒன்றுதான், அதைப் பிடித்திருக்கும் கைகள் இரண்டு, ஒன்று அங்கே, ஒன்று இங்கே. இரண்டு கைகளும் சேர்ந்து நகர்த்தினால் அது எந்தப் பக்கமும் போகாமல் நசுங்கிய எறும்பு மாதிரி அதே இடத்தில் துடிக்கும். சிலர் எடுத்துவிட்டேன் என்று சொல்லிவிட்டுப் பிடித்துக்கொண்டே இருப்பார்கள், தங்கள் வீட்டு பீரோவை வேறொருத்தி திறப்பதைப் பக்கத்தில் நின்று பார்ப்பவர்களைப் போல. அவர் அப்படி இல்லை. முதல் தடவை நான் சொன்னபோது, "எடுத்து மடியில வச்சுட்டனுங்க" என்றார். மடியில். யார் கேட்டார்கள் எங்கே வைத்தார் என்று? ஆனால் அந்த வார்த்தைக்குப் பிறகு அவருக்குக் கைகள் வந்துவிட்டன, அதுவரை வெறும் குரலாக இருந்தவருக்கு. கரூரில் ஏதோ ஒரு தகரக் கொட்டகைக்குள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, நான் அவருடைய திரையில் அலைவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எண்ணெய்க் கறை இருக்குமா அந்தக் கைகளில்? இருக்காது, பஸ் கட்டுகிற அந்த இடத்தில் அவர் ஸ்டோர் ரூமில்தான் இருக்கிறார், திருகாணியும் ரப்பர் பீடிங்கும் எடுத்துக் கொடுக்கிற வேலை. ரப்பர் வாசனை இருக்கலாம். புது பஸ்ஸில் ஏறினால் வருமே, அந்த வாசனை.

மதியச் சாப்பாடு முடிந்து டீ வருகிறவரை இந்த அறை அடங்கிக் கிடக்கும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு யாரோ வாளி வைத்திருக்கிறார்கள், சொட்டுச் சத்தம் கேட்டுக் கேட்டு இப்போது அது விழாத இடைவெளிதான் காதில் விழுகிறது. கீழே தில்லை நகர் சாலையில் ஹாரன்கள் ஏதோ வேறு ஊரில் அடிப்பது போல மெலிந்து வருகின்றன. அடுத்த மேசை தில்ஷாத் ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நெய்ச்சோற்றின் தூக்கத்தோடு போராடுகிறாள். "ஏய், உன் பஸ் கம்பெனி இன்னும் கூப்பிடலையா?" என்கிறாள், கண்ணைத் திறக்காமலே. "கூப்பிடும் கூப்பிடும். டீக்குத்தானே வண்டி வரும். பாரு, காது செவக்குது இதுக்கு." காது உண்மையாகவே சூடாகிறது, ஹெட்போனை இன்னும் இழுத்து மூடிக்கொள்கிறேன். தில்ஷாத்தின் கேலியில் விஷம் கிடையாது. ஆனால் அவள் அதைச் சொல்லாமல் இருந்தால், நடப்பது எதுவும் நடக்கவே இல்லை என்று நான் இருந்துவிடலாம். அவள் சொல்லும்போதுதான் அதற்கு எடை வந்துவிடுகிறது. எதற்கு எடை? ஒரு மனிதரால் பாடங்களைத் திறக்க முடியவில்லை. நான் உதவி செய்கிறேன். அவ்வளவுதான். அவ்வளவுதானா என்று என்னையே கேட்டால், அந்தக் கேள்வியைச் சுற்றி வந்து பழையபடி கைகளிலேயே போய் நிற்கிறேன்.

திறக்கவில்லை. இந்த அறைக்கு வருகிற எல்லா அழைப்பும் அந்த ஒரு சொல்தான். தொலைதூரக் கல்வியில் படிக்கிறவர்களுக்குப் பல்கலைக்கழகம் பாடங்களை இணையப் பக்கத்தில் வைத்திருக்கிறது, புத்தகம் அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். பிரவுசரில் அழுத்தினால் திறக்க வேண்டும். திறக்காது. ஆனால் திறக்கவில்லை என்பதற்குள் எத்தனை வகை இருக்கிறது என்று இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது. வெள்ளையாக நிற்கும் பக்கம் ஒன்று, சக்கரம் சுற்றிக்கொண்டே இருப்பது ஒன்று, திறந்த கையோடு மூடிக்கொள்வது ஒன்று. பழைய தடங்களை அழித்துப் பார், மறைவுச் சாளரத்தில் போட்டுப் பார், வேறு பிரவுசரில் பார், தடுத்து வைத்திருக்கும் சன்னலை அனுமதி. பெரும்பாலும் இதற்குள் திறந்துவிடும். திறந்தவுடன் ஒரு பெருமூச்சு வரும் பாருங்கள், நர்ஸாக இருந்தாலும் போலீஸ்காரராக இருந்தாலும் ஒரே மாதிரிப் பெருமூச்சு. பிறகு நன்றி, பிறகு போனை வைக்கிற டக். அவர்கள் என்னை மறந்துவிடுவார்கள், மறந்தால்தான் நான் வேலையைச் சரியாகச் செய்தேன் என்று அர்த்தம். நன்றாக வேலை செய்கிறவளை யாரும் இரண்டாவது தடவை கூப்பிட மாட்டார்கள். இந்த வேலையின் கணக்கு அப்படி.

அவர்கள் மறக்கும்போதும் என்னை மறப்பதில்லை, ஆனந்தியைத்தான் மறக்கிறார்கள். நான் ஆனந்தி இல்லை. இந்த நாற்காலிதான் ஆனந்தி. எனக்கு முன்னால், அதற்கும் முன்னால், இங்கே முதலில் உட்கார்ந்திருந்த பெண்ணின் பெயர் அது. அவள் பெயரில்தான் இந்த இடத்தின் இணைப்பைப் பதிந்தார்கள், அவள் கல்யாணமாகிப் போய்விட்டாள், பெயர் இங்கேயே இருந்துவிட்டது. நான் யாருடைய திரைக்குள் போனாலும் அங்கே ஒரு ஓரத்தில் 'ஆனந்தி உங்கள் கணினியைப் பார்க்கிறார்' என்று எழுத்து வரும். வேலைக்குச் சேர்ந்த அன்று எங்கள் மேற்பார்வையாளர் எட்வின் சார், "பேரெல்லாம் குழப்பாதம்மா. இந்த சீட்ல உக்காந்தா ஆனந்தி. சொந்தப் பேரு, சொந்த நம்பரு எதுவும் போன்ல வரக்கூடாது. எல்லாம் ரெக்கார்டு ஆகுது" என்றார். தில்ஷாத்தின் நாற்காலி மஞ்சுளா. அவள் பெயர் தெரியாத ஊர்க்காரர்கள் எல்லாம் அவளை மஞ்சு மஞ்சு என்று கொஞ்சுகிறார்கள், அவள் சிரித்துக்கொள்கிறாள். எனக்கும் முதலில் அது நிம்மதியாகத்தான் இருந்தது. கல்லூரியில் வருகைப் பதிவு எடுக்கும்போது நான் சொல்லும் 'உள்ளேன்' முதல் வரிசைக்கே கேட்காது, வந்திருந்தும் வராதவளாகப் பாதி வருஷம் ஓடியது. ஆனந்தி என்றால் குரல் வந்துவிடுகிறது. ஆனந்தி கூச்சப்படுவதில்லை. 'சொல்லுங்க சார், நான் பார்க்கிறேன்' என்று எத்தனை தெளிவாகப் பேசுகிறாள் அவள். வீட்டில் நான் பாப்பா. பாப்பா டப்பாவ எடுத்துக்கிட்டியா, பாப்பா லைட்ட அமத்து. குழலி என்ற என் பெயர் யாரும் பிரிக்காத புதுப்புடவை மாதிரி மடிப்புக் கலையாமல் எங்கேயோ இருக்கிறது. அதை ஒரு குரலில் கேட்க வேண்டும் என்று எப்போது தோன்ற ஆரம்பித்தது? இன்ன நாள் என்று சொல்ல முடியவில்லை. ஒருநாள் அவர் "ஆனந்திங்க" என்று கூப்பிட்டபோது, அவளை ஏன் கூப்பிடுகிறார் என்று எரிச்சலாக இருந்தது. அன்றாக இருக்கலாம்.

நல்லசிவம். இரண்டாம் ஆண்டு பி.ஏ. வரலாறு. எங்களுக்குக் காட்டுவது பெயரும் பதிவு எண்ணும் பாடப்பிரிவும் ஊரும்தான், அதற்கு மேல் எதுவும் இல்லை. அவருடைய திறக்காமை வேறு மாதிரி. வெள்ளை இல்லை, சக்கரம் இல்லை, சாம்பல் நிறத்தில் ஒரு பக்கம் வந்து நிற்கும். இறக்கிக்கொள்ளலாம் என்றால் அதையும் தடுக்கும். எனக்குத் தெரிந்ததெல்லாம் செய்து பார்த்தேன், மறைவுச் சாளரமே வரவில்லை, வேறு பிரவுசரும் ஏறவில்லை. எட்வின் சாரைக் கேட்டேன், "பழைய மிஷினா இருக்கும்மா, விடு" என்றார். விட மனமில்லாமல், ஒவ்வொரு பாடத்தையும் என் திரையில் திறந்து, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, உதவி மையத்து வாட்ஸப்பில் அனுப்பினேன். அதனால்தான் அவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார், ஒரு பாடம் படித்து முடிந்ததும் அடுத்த பாடத்துக்காக, அவர்கள் கொட்டகையில் டீ வருகிற நேரத்தில். படங்கள் ஏறுவதற்கு நேரமாகும். அந்த நேரத்தைத்தான் நான் நேரம் என்று இப்போது நினைக்கிறேன், மற்றதெல்லாம் அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். ஒன்றும் பேசுவதில்லை, பேசத் தெரியாது இரண்டு பேருக்கும். அந்தப் பக்கம் தகரத்தைத் தட்டுகிற சத்தம் கேட்கும், வெல்டிங் சீறும். "அது என்ன சார் சத்தம்?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். "பஸ்ஸுக்கு பாடி கட்டறமுங்க. வெறும் சேஸா வரும், எலும்புக்கூடு மாதிரி. டிரைவரு தலைல துண்டக் கட்டிட்டு மொட்டையா ஓட்டிட்டு வருவாருங்க. நாங்க தோலு, கண்ணு, பல்லெல்லாம் வச்சு அனுப்புவோம்." பிறகு, அதிகமாகப் பேசிவிட்டதுபோல, "பொள்ளாச்சி ரூட்டுங்க, இன்னிக்குப் போறது" என்று நிறுத்திக்கொண்டார். அன்று சாயங்காலம் மண்ணச்சநல்லூர் பஸ்ஸில் ஏறியபோது, எத்தனையோ வருஷமாகப் போகிற பஸ், டிரைவர் தலைக்குப் பின்னால் ஒரு சின்னத் தகடு இருப்பதை முதல் தடவையாகப் பார்த்தேன். பாடி கட்டியவர்களின் பெயர், கீழே கரூர். நான்கு மூலையிலும் ரிவெட் ஆணி. அவர்களுடையதுதானா என்று தெரியாது, கரூரில் எத்தனையோ கொட்டகை. ஆனாலும் இறங்குகிறபோது விரலால் அந்த ரிவெட்டைத் தொட்டேன். அதற்குப் பிறகு எந்த பஸ்ஸில் ஏறினாலும் முதலில் கண் அங்கேதான் போகிறது. கண்டக்டர் ஒருவர், "என்னம்மா, வண்டிய வெலைக்கு வாங்கப் போறியா?" என்றார்.

அந்த மூலைக்கு மட்டும் நான் போனதில்லை. பிரவுசரின் வலது பக்க உச்சியில், யாருடைய பெயரில் அது திறந்திருக்கிறதோ அவருடைய முதல் எழுத்து ஒரு வட்டத்துக்குள் நிற்கும். அவருடைய திரையில் அந்த வட்டத்துக்குள் இருப்பது ஆங்கில எஸ். நல்லசிவத்துக்கு எங்கிருந்து வரும் எஸ்? ஊதா நிற வட்டம், வெள்ளை எழுத்து. அம்புக்குறியை அதன் மேல் கொஞ்சம் நிறுத்தினால் போதும், பெயர் தானாகவே கீழே ஒரு சின்னப் பெட்டியில் வரும். நிறுத்த முடியவில்லை என்னால். சுமித்ரா என்று பெயர் வைத்துவிட்டேன் அவளுக்கு. அவள் நல்ல உயரம். ஊதா அவளுக்குப் பிடித்த நிறமாகத்தான் இருக்கும். தலைக்குக் குளித்து நுனியில் முடிச்சுப் போட்டுக்கொண்டு அந்த லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்து தன் பெயரைப் போட்டுத் திறந்திருக்கிறாள். அவர் அதை மாற்றாமல் அப்படியே வைத்திருக்கிறார், மாற்ற மனமில்லாமல். அவள் இருக்கிறாளா, இல்லையா, வீட்டில் குழம்பு தாளித்துக்கொண்டிருக்கிறாளா, கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போயிருக்கிறாளா. எல்லா விதமாகவும் நினைத்துப் பார்த்துவிட்டேன். அவளுக்கு உடம்பு சரியில்லை என்று ஒருநாள் நினைத்துவிட்டு, சீ என்று நாக்கைக் கடித்துக்கொண்டு, அன்று முழுக்க முகம் தெரியாத அந்தப் பெண் நன்றாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். திரையில் வேலை செய்யும்போது அந்த மூலையைச் சுற்றிக்கொண்டு போவேன், பாம்பைப் பார்த்த வரப்பில் கால் வைக்காததுபோல. அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. மடியில் கை வைத்துக்கொண்டு பார்க்கிறவருக்கு அம்புக்குறி ஏன் வளைந்து போகிறது என்று எப்படித் தெரியும்?

இன்று காலையில் மணப்பாறையிலிருந்து ஒரு தலைமையாசிரியை கூப்பிட்டார். அதே சாம்பல் பக்கம். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "என்னம்மா இது, எம்பத்து ரெண்டு பிள்ளைகள மேய்ச்சுட்டு வந்து இத வேற மேய்க்கணுமா?" என்று சலித்துக்கொண்டார். அவருடைய மூலையிலும் ஒரு வட்டம் இருந்தது, பள்ளிக்கூடத்தின் படத்தோடு. அங்கே எனக்கு என்ன பயம்? நேராகப் போய் அழுத்தினேன். பள்ளியின் பெயர் வந்தது, கீழே பொடி எழுத்தில், இந்தக் கணக்கை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது என்று ஒரு வரி. அவ்வளவுதான். நிறுவனம் எதைத் திறக்கலாம் எதைத் திறக்கக்கூடாது என்று உத்தரவு போட்டு வைத்திருந்தால் பிரவுசர் கேட்கும். புதிதாக அவர் பெயரில் ஒன்று தொடங்கிக் கொடுத்தேன், பாடம் திறந்தது, பெருமூச்சு, டக். நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். வாளியில் சொட்டு விழுந்தது. இத்தனை நாளும் அது அங்கேதான் இருந்திருக்கிறது, நான் போகாத அந்த மூலைக்குப் பின்னால். எல்லா இடத்திலும் தேடினேன், அந்த ஓர் இடம் தவிர. நல்லசிவத்துக்கு ஏன் திறக்கவில்லை என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது? எனக்குப் பயமாக இருந்தது, அதனால் அவருக்குத் திறக்கவில்லை.

இனி அவர் கூப்பிடுவார். திங்கட்கிழமை தேர்வு, ஒரே ஒரு பாடம் பாக்கி. நான் சொல்லாமல் இருந்துவிடலாம். இன்றும் படம் எடுத்து அனுப்பிவிடலாம், அவர் அதைத்தான் கேட்கப்போகிறார். ஏமாற்றுவதுகூட இல்லை, கேட்டதைக் கொடுப்பதுதான். அடுத்த பருவத்தில் ஆறு புதுப் பாடங்கள் வரும், சாம்பல் பக்கம் வரும், அவர் வருவார். மழைக்காலம் முழுக்க வருவார், பொங்கலுக்குப் பிறகும் வருவார். திறந்து கொடுத்துவிட்டால் பெருமூச்சு, நன்றி, டக். ஆனந்தி நன்றாக வேலை செய்தாள். ஆனால் போன தடவை சொன்னாரே, குறையாகச் சொல்லவில்லை, சும்மா சொன்னார், "படத்துல எழுத்து பொடிசா இருக்குதுங்க. பெருசு பண்ணுனா கலங்குது. ராத்திரி படிச்சா கண்ணுல தண்ணி வந்துருது." ஒரு தாள் ஏற்கனவே போய்விட்டது அவருக்கு, போன பருவத்தில். திரும்ப எழுதுகிறார். வரலாற்றில் அவருக்கு என்ன இருக்கிறது என்று கேட்டதில்லை. கொட்டகையில் இருந்துகொண்டு ராஜாக்களைப் பற்றி எதற்குப் படிக்கிறார்? யாருக்கும் சொல்லாத ஏதோ ஓர் ஆசை இருக்கும், எனக்கு ரிவெட்டைத் தொடுவதுபோல. அந்தக் கண்ணில் வருகிற தண்ணீரை வைத்துக்கொண்டா நான் அவருடைய குரலைக் கேட்க வேண்டும்? வேண்டாம் என்று முடிவு செய்கிறேன். முடிவு செய்த உடனே வேண்டும் என்று இருக்கிறது. மறுபடியும் செய்கிறேன். டீ வந்துவிட்டது, காகிதக் கோப்பை, மேலே ஆடை படர்கிறது. தில்ஷாத் தன் கோப்பையை ஊதிக்கொண்டே என் திரையை எட்டிப் பார்த்து, "வந்துருச்சு வண்டி" என்கிறாள். கரூர் எண். பச்சை விளக்கு துடிக்கிறது.

"வணக்கம், உதவி மையம், ஆனந்தி பேசுறேன்." "ஆனந்திங்களா, நல்லசிவம் பேசறனுங்க." தகரச் சத்தம் இல்லை இன்று, எங்கோ ரேடியோ மட்டும். "சொல்லுங்க சார்." "கடைசிப் பாடம் ஒண்ணுதானுங்க பாக்கி. அந்தப் படத்த மட்டும் அனுப்பிச்சு உட்டீங்கன்னா..." என் விரல் படம் எடுக்கிற பொத்தான் மேலேயே இருக்கிறது, பழக்கத்தில் அதுவாகவே போய் நின்றுவிட்டது. "இல்ல சார்," என்கிறேன், குரல் ஆனந்தியுடையது மாதிரி இல்லை, முதல் வரிசைக்குக் கேட்காத அந்தக் குரல். "என்னங்க?" "இல்ல சார், இன்னிக்கு வேற மாதிரி பாத்துரலாம். ஸ்கிரீன் குடுங்க." "குடுத்துட்டனுங்க." அவருடைய திரை வருகிறது, பின்னணியில் பாதி முடிந்த பஸ் ஒன்றின் முகம், கண்ணாடி வைக்காமல். "கைய..." என்று ஆரம்பிக்கிறேன். "மடிலதானுங்க இருக்குது" என்கிறார். நான் நகர்த்துகிறேன். அம்புக்குறி பக்கத்தின் நடுவிலிருந்து மேலே போகிறது, வழக்கமாக வளைகிற இடம் வருகிறது, வளையாமல் போகிறது. ஊதா வட்டம். சுமித்ரா, மன்னித்துக்கொள். நிறுத்துகிறேன். ஒரு மூச்சு நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு கீழே சின்னப் பெட்டியில் எழுத்துகள் வருகின்றன. சுப்புரத்தினம்.

"சார்," என்கிறேன், "இதுல சுப்புரத்தினம்னு வருது. அது யாரு?" "அவருங்களா!" என்று சிரிக்கிறார். "எங்க பழைய மேனேஜருங்க. இதுக்கு முன்னாடி பெட்ஷீட்டு கம்பெனில இருந்தேன். மூடறப்ப இந்த லேப்டாப்ப எங்கிட்டக் குடுத்து, படிடா நல்லசிவம்னு சொல்லிட்டுப் போயிட்டாருங்க. நல்ல மனுசன். நாற்காலில உக்காந்தா தொப்ப மேசைல இடிக்கும், மேசைய நாங்கதான் தள்ளிப் போடோணும்." உயரமான சுமித்ரா, தலைக்குக் குளித்த சுமித்ரா, குழம்பு தாளித்தவள், பிறந்த வீட்டுக்குப் போனவள், நான் வேண்டிக்கொண்டு நன்றாக வைத்திருந்தவள், மேசையில் தொப்பை இடிக்க உட்கார்ந்திருக்கிறாள். சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை, மூக்கு வழியாக வந்தது, கண்ணிலும் கொஞ்சம் வந்தது. தில்ஷாத் கோப்பையோடு திரும்பிப் பார்க்கிறாள். "என்னங்க, தப்பா ஏதாச்சும்...?" "ஒண்ணுமில்ல சார். நீங்க இத்தன நாளா அவர் பேர்லயே உள்ள போயிட்டு இருந்திருக்கீங்க. அந்தக் கம்பெனி எதையும் திறக்க விடாம பூட்டு போட்டு வச்சிருக்கு. கம்பெனி போயிருச்சு, பூட்டு போகல." அங்கே நாற்காலி கிறீச்சிட்டது. "அதுக்கா இத்தன பாடு?" "அதுக்குத்தான் சார். நான் முன்னாடியே பாத்துருக்கணும். அந்தப் பக்கம் போகவே இல்ல நான்." ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால், எல்லாம் பதிவாகிற இந்தப் போனில் என்ன சொல்லியிருப்பேன்?

"அவர் பேரு அப்படியே இருக்கட்டும் சார், அழிக்க வேண்டாம். பக்கத்துல புதுசா ஒண்ணு தொடங்கிரலாம்" என்று அழுத்துகிறேன். வெள்ளைப் பெட்டி ஒன்று வந்து பெயர் கேட்கிறது. கட்டத்துக்குள் சின்னக் கோடு துடித்துத் துடித்து நிற்கிறது. இந்தப் பெட்டியை எத்தனை பேருக்கு நிரப்பியிருக்கிறேன். "உங்க பேர் போட்டுரவா சார்?" ரேடியோ நின்றுவிட்டது அங்கே, அல்லது அவர் நிறுத்தியிருக்கிறார். "என் பேரு எதுக்குங்க, அது எனக்குத் தெரிஞ்சதுதான். தொறந்து உட்டது நீங்க. உங்க பேரையே போட்டுருங்க." பிறகு, கொஞ்சம் தாழ்ந்து, "இனிமே கூப்பிடறதுக்கு ஒரு முகாந்தரம் இருக்காதுங்களே. பேராச்சும் இருக்கட்டும்." அப்படியென்றால் இது பாடத்துக்காக மட்டும் இல்லை என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது. எல்லாக் கணக்கும் நான் ஒருத்திதான் போட்டுக்கொண்டிருந்தேன் என்று நினைத்தேனே. விரல்கள் விசைப்பலகையில் இருக்கின்றன. எட்வின் சார் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் யாருடனோ பேசிக்கொண்டிருக்கிறார். சொந்தப் பேரு போன்ல வரக்கூடாது. போனில் வராது. ஆங்கில எழுத்தில் ஆ என்று அடிக்கிறேன். ன என்று அடிக்கிறேன். நான் அடிப்பது ஒவ்வொன்றும் அங்கே அவர் கண் முன்னால் விழுகிறது. நிறுத்துகிறேன். அழிக்கிறேன், அழிப்பதும் அங்கே தெரியும். வெறும் கட்டம். கோடு துடிக்கிறது. வருகைப் பதிவில் என் எண் வருவதற்கு முந்தைய அந்த நொடி, வகுப்பு முழுக்கக் கேட்கப்போகிறது என்று தோன்றுமே, அது. கு. விரல் சில்லென்று இருக்கிறது. ழ. அந்தப் பக்கம் மூச்சு விடுகிற சத்தம் மட்டும். லி.

சரி என்ற பொத்தானை அழுத்தினேன். புதுச் சாளரம் திறந்தது, காலியாக, வெளிச்சமாக, வெள்ளையடித்த வீடு மாதிரி. பதிவு எண்ணைப் போட்டு, கடைசிப் பாடத்தை அழுத்தினேன். சாம்பல் வரவில்லை. எழுத்து வந்தது, கறுப்பாக, பெரிதாக, ஒரு வரிகூடக் கலங்காமல், பக்கம் பக்கமாகக் கீழே இறங்கிக்கொண்டே போனது. "தெரியுதுங்களா சார்?" "தெரியுதுங்க" என்றார், குரல் எங்கேயோ இருந்தது. "சுத்தமாத் தெரியுதுங்க." பெருமூச்சு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மூலையில் இப்போது ஊதா வட்டம் இல்லை. பச்சை வட்டம், அதற்குள் என் பெயரின் முதல் எழுத்து, ஆங்கிலத்தில் கே. அவர் எப்போது திறந்தாலும் அது அங்கே இருக்கும். என்றாவது ஒருநாள், வேறு ஏதோ கோளாறுக்கு, வேறு ஏதோ நாற்காலியில் ஒரு பெண் இந்தத் திரைக்குள் வருவாள், அந்த வட்டத்தைப் பார்ப்பாள், யார் இந்தக் கே என்று ஒரு நிமிஷம் நினைப்பாள். நினைக்கட்டும்.

"எல்லாப் பாடமும் திறக்கும் சார் இனிமே. அடுத்த வருஷத்துதும் திறக்கும்." "சரிங்க." "பரீட்சை நல்லா எழுதுங்க." "எழுதறனுங்க." இணைப்பைத் துண்டிக்கிற பொத்தான் இரண்டு பக்கமும் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் அழுத்தலாம். தில்ஷாத் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தவள், ஏனோ கேலி செய்யாமல், ஆறிப்போன என் டீயை நகர்த்தி வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். "நான் கைய எடுத்துக்கறேன் சார்," என்றேன், "இனிமே நீங்க நகர்த்துங்க." எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன், இரண்டையும். அம்புக்குறி பாடத்தின் நடுவில் அசையாமல் நின்றது. பிறகு லேசாக அசைந்தது, அது அவருடைய கை. முதல் வரிக்குப் போகும் என்று நினைத்தேன். போகவில்லை. மெதுவாக மேலே ஏறி, எங்கும் வளையாமல், வலது மூலைக்குப் போய், பச்சை வட்டத்தின் மேல் நின்றது. கீழே சின்னப் பெட்டியில் குழலி என்று வந்தது. அம்புக்குறி விலகியது, பெயர் மறைந்தது. மறுபடியும் வந்து நின்றது.